இறக்கத்தில் ஒரு பாடம்

(எமது வானொலியின் ‘வாழ்வும் தொழிலும்’ நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நான் 1985ஆம் ஆண்டு அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன். உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன், பின்னர் லைசென்ஸ் எடுத்து இருபத்திரண்டு வருடங்கள் பஸ் ஓட்டினேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். நான் படித்த பொறியியலாளன் அல்ல. எனக்குத் தெரிந்தது ஸ்ரேறிங்கும் பிறேக்கும்தான். அந்தப் பிறேக்கைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்ச நேரம் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

பிறேக்கைப் பற்றி வானொலியில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் இன்று பஸ், லொறி ஓட்டுகிறார்கள். திருவிழாவுக்கென்று ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு நாங்கள் பஸ் பிடித்துப் போகிறோம். அண்மைக் காலமாக இன்னொன்றும் நடக்கிறது. பழைய சிறிய பஸ்ஸையோ லொறியையோ வாங்கி, உள்ளே கட்டிலும் குசினியும் வைத்து, வொன்மொபில் என்று ஜேர்மன்காரர் சொல்லும் வீட்டு வாகனமாக மாற்றுகிறார்கள். நானும் மாற்றினேன். அதனால் ஏறக்குறைய என் குடும்பத்தையே இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு அருகில் ஒரு லொறிக்கார அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்து வெங்காயத்தை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போய், அங்கிருந்து மரக்கறி கொண்டு வருவார். எந்த மலையையும் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது அவருடைய வேதம். “தம்பி, ஏறுறதுக்கு இஞ்சின் வேணும், இறங்குறதுக்குப் புத்தி வேணும்” என்பார். கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் இறங்கிப் பழகிய மனிதர். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இங்கே பஸ் பயிற்சிக்குப் போனபோதுதான், அண்ணை சொன்னது முழுக்க பௌதிகம் என்று தெரிந்தது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குத்தான். ஏழு வீதச் சரிவு என்றால் 100 மீற்றர் போக 7 மீற்றர் இறங்குகிறோம். அப்படி 6 கிலோமீற்றர் இறங்கினால் 420 மீற்றர் உயரத்திலிருந்து கீழே வந்துவிடுவோம். 18 தொன் எடையுள்ள ஒரு பஸ் அந்த உயரத்திலிருந்து வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அந்தச் சக்தி முழுவதையும் எங்கேயாவது சூடாகக் கழிக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தண்ணீரில் விட்டால் 200 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். கோயில் அன்னதானத்துக்கு வைக்கும் பெரிய கிடாரங்களை நினைத்துக் கொள்ளுங்கள். காற்றும் ரயரும் இஞ்சினும் அதில் ஒரு பங்கை எடுக்கும். மீதி முழுவதும் பிறேக்கின் தலையில்தான்.

சாதாரண பிறேக் என்பது உராய்வு. இரும்பின்மேல் பிறேக் லைனிங் உரசுகிறது, சூடாகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை நிறுத்துவதற்குத்தான் அது செய்யப்பட்டது. பத்து நிமிடம் தொடர்ந்து காலை வைத்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடேறிப் பிடியை இழக்கும். காற்று பிறேக் உள்ள பெரிய வண்டிகளில் டிரம் சூட்டில் விரிந்து, லைனிங் அதைத் தேடிப் போக வேண்டி வரும். எண்ணெய் பிறேக் உள்ள சிறிய வண்டிகளில் இன்னொரு ஆபத்து. டொட் 4 பிறேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 155 பாகைதான். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

1987 ஜூலை 7ஆம் திகதி ஹெஸ்ஸன் மாநிலத்திலுள்ள ஹேர்போர்ண் என்ற சிறிய நகரத்தில் நடந்தது பழையவர்களுக்கு நினைவிருக்கும். முப்பதாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட எரிபொருளோடு வந்த ஒரு தாங்கி லொறி, மலைப்பக்கத்திலிருந்து ஊருக்குள் இறங்கும் வீதியில் பிறேக் பிடிக்காமல் ஓடி வந்தது. நகரத்தின் நடுவே ஓர் ஐஸ்கிறீம் கடை இருந்த இடத்தில் கவிழ்ந்தது. எரிபொருள் வழிந்து தீப்பற்றி வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள், வீடுகள் எரிந்து போயின. நான் அப்போது அகதி முகாமில் இருந்தேன். தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்தபோது பாஷை விளங்கவில்லை, நெருப்பு விளங்கியது. நாங்கள் எந்த நெருப்பிலிருந்து ஓடி வந்தோம் என்பது நேயர்களாகிய உங்களுக்குத் தெரியும். அமைதியான ஊரிலும் ஓர் இறக்கம் போதும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அதனால்தான் கனரக வண்டிகளுக்கு உராய்வு இல்லாத இன்னொரு பிறேக் தேவைப்படுகிறது. ஜேர்மன் மொழியில் அதை டவர்பிறெம்ஸ என்பார்கள். தொடர்ந்து பிடிக்கும் பிறேக் என்று பொருள். இந்நாட்டு வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, 5.5 தொன்னுக்கு மேற்பட்ட பஸ்களுக்கும் 9 தொன்னுக்கு மேற்பட்ட மற்ற வண்டிகளுக்கும் இது இருக்க வேண்டும் என்கிறது. முழுப் பாரத்தோடு, 7 வீதச் சரிவில், 6 கிலோமீற்றர் தூரம், 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்குவதற்கு அது ஈடுகொடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன கணக்கு சட்டப் புத்தகத்திலிருந்துதான் வந்தது.

இந்தத் தொடர் பிறேக்கில் ஒரு வகை இஞ்சின் பிறேக். புகைக் குழாயை அடைத்து இஞ்சினையே சுமையாக்குவது. இன்னொரு வகைதான் ரிட்டார்டர். அதிலும் இரண்டு உண்டு.

முதலாவது எண்ணெயால் வேலை செய்வது. கியர்பெட்டியோடு சேர்ந்து இருக்கும். உள்ளே எதிரெதிராக இரண்டு சில்லுகள். ஒன்று சுழலும், மற்றது அசையாது. இடையில் எண்ணெயை விட்டால், சுழலும் சில்லு எண்ணெயை வீசும், அசையாத சில்லு அதைத் தடுக்கும். உலோகத்தோடு உலோகம் உரசாது, ஆகவே தேய்மானம் இல்லை. சூடு எண்ணெயிலிருந்து இஞ்சினின் குளிர்நீருக்குப் போய் றேடியேற்றரால் வெளியேறும். ஹைடன்ஹைம் நகரத்து பொய்த் நிறுவனமும், பிரீட்றிக்ஸ்ஹாபன் நகரத்து இஸட்எப் நிறுவனமும் செய்பவை இவை. அமெரிக்காவில் பெரிய டீசல் வீட்டு வாகனங்களில் வரும் அலிசன் தானியங்கிக் கியர்பெட்டிக்குள்ளும் இதைச் சேர்த்து வாங்கலாம். இதைப் பாவிப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர்ப் பம்பும் மெதுவாகச் சுற்றும், சூடு வெளியே போகாது. சூடு மிஞ்சினால் ரிட்டார்டர் தானாகவே தன் பிடியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ரிட்டார்டர் இருந்தாலும் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். லொறிக்கார அண்ணையின் வேதம் இங்கேயும் செல்லும்.

இரண்டாவது மின்காந்தத்தால் வேலை செய்வது. பிரான்ஸ் நாட்டு டெல்மா நிறுவனத்தின் பெயராலேயே பலர் அதை அழைப்பார்கள். கியர்பெட்டிக்குப் பின்னால், சில்லுக்குப் போகும் தண்டில் இரும்புத் தட்டுகள் சுழலும். நடுவில் செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகி, சுழலும் தட்டில் சுழல் மின்னோட்டம் எழும். அது தட்டைப் பின்னுக்கு இழுக்கும். சூடு தட்டிலிருந்து காற்றுக்குப் போகும். தட்டு பல நூறு பாகை சூடாகும், இருட்டில் பார்த்தால் சிவந்தும் தெரியலாம். வேகம் குறையக் குறைய இதன் பிடியும் குறையும். நின்ற வண்டியை இது பிடித்து வைக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய சிறிய பஸ் வாங்கினேன். ஏழரைத் தொன்னுக்குள் அடங்குவது. எங்கள் காலத்துப் பழைய மூன்றாம் வகுப்பு லைசென்ஸில் அதை ஓட்டலாம். இப்போதைய பி வகுப்பில் 3.5 தொன்தான், பிள்ளைகளால் ஓட்ட முடியாது. பஸ்ஸாக இருந்தபோது அதற்குத் தொடர் பிறேக் கட்டாயம், அதனால் மின்காந்த ரிட்டார்டர் பூட்டியிருந்தது. வீட்டு வாகனமாகப் பதிவு மாறியதும், 9 தொன்னுக்குக் குறைவு என்பதால் சட்டம் அதைக் கேட்பதில்லை. “பாரம்தானே, கழற்றி எறியுங்கோ” என்று சிலர் சொன்னார்கள். நான் கழற்றவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் மலை கேட்கும் அல்லவா?

கட்டிலும் குசினியும் நானே அடித்தேன். வீட்டுப் பக்கத்துக்கு இரண்டாவது பற்றறி பூட்டுவதற்கு ஒரு கராஜில் விட்டேன். எந்தக் கராஜ் என்பது இங்கே முக்கியமல்ல. தூவ் பரிசோதனையும் முடிந்தது. அடுத்த கிழமை, மனைவி, மகள், மருமகன், நான்கு வயதுப் பேத்தி எல்லோருமாக உல்மில் ஒரு கலியாணத்துக்குப் போய், ஞாயிறு மாலை ஸ்ருட்காட் பக்கம் திரும்பிக் கொண்டிருந்தோம்.

ஏ8 நெடுஞ்சாலையில் உல்மிலிருந்து வருபவர்களுக்குத் தெரியும், ஹொஹென்ஸ்ரட் தாண்டியதும் ட்ராக்கன்ஸ்ரைன் சரிவு வரும். அங்கே ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வெவ்வேறாகப் பிரிந்து போகும். இறங்கும் பாதை மலையை ஒட்டி வளைந்து வளைந்து, ஒரு சுரங்கம் வழியாக மூல்ஹவுசனுக்கு இறங்கும். தெரிந்த பாதைதான். பஸ்ஸோடு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன்.

ரிட்டார்டர் கைப்பிடியை முதலாம் படிக்கு இழுத்தேன். முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி பிடிக்கவில்லை. இரண்டாம் படி, விளக்கு எரிந்தது, பிடிக்கவில்லை. நான்காம் படிக்கும் இழுத்துவிட்டேன். நான்கு விளக்கும் வடிவாக எரிந்து கொண்டிருந்தன, வண்டியோ வேகம் கூடிக் கொண்டிருந்தது. காலை பிறேக்கில் வைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் மணம் வந்தது. பின்னாலிருந்து பேத்தி, “அம்மப்பா, என்னவோ கருகுது” என்றாள். மனைவி ஒன்றும் பேசவில்லை. முருகா என்று சொல்வது மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது ரிட்டார்டர் அல்ல, பழைய பயிற்சி. பிறேக்கைத் தடவிக் கொண்டு போகாமல், பிடி இருக்கும்போதே ஒரு தடவை பலமாக மிதித்து வேகத்தை 35க்குக் குறைத்தேன். உடனே இரண்டாம் கியருக்கு மாற்றி, ஆபத்து விளக்குகளைப் போட்டு, இஞ்சின் இரைய இரைய வலது ஓரமாக இறங்கினேன். ஓர் அரை நிமிடம் பிந்தியிருந்தால் அந்தப் பலமான மிதிப்புக்குப் பெடலில் எதுவும் மிஞ்சியிருக்காது. கீழே மூல்ஹவுசனில் வெளியேறி நிறுத்தியபோது முன்சில்லுகளிலிருந்து புகை வந்தது. பேத்தி இறங்கிப் பூப் பறிக்கப் போனாள். எனக்கு இறங்குவதற்குக் கால் வரவில்லை.

மறுநாள் என் தங்கையின் மகன் வந்தான். வாகன மெக்கற்றோனிக் படித்து வேலை செய்பவன். வண்டிக்குக் கீழே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். “மாமா, ரிட்டார்டருக்குக் கறண்டே வரேல்லை” என்றான். பற்றறியிலிருந்து ரிலே பெட்டிக்குப் போகும் தடித்த கேபிளை, புதுப் பற்றறி பூட்ட இடம் வேண்டுமென்று கழற்றியவர்கள், திரும்பப் பூட்டாமல் நுனியில் ரேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

“அப்ப விளக்கு எரிஞ்சதே?” என்று கேட்டேன்.

“விளக்கு நீங்கள் குடுத்த கட்டளையைத்தான் காட்டினது மாமா, வேலை நடந்ததைக் காட்டேல்லை” என்றான்.

நேயர்களே, இதுதான் நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது. இந்த ரிட்டார்டரில் இரண்டு மின்சுற்றுகள் உண்டு. ஒன்று மெல்லிய வயர்ச் சுற்று. கைப்பிடியிலிருந்து ரிலேக்குக் கட்டளை கொண்டு போவது. மற்றது தடித்த கேபிள் சுற்று. பற்றறியிலிருந்து பெரிய பியூஸ் வழியாக, ரிலே ஊடாக, சுருளுக்கு மின்சாரம் கொண்டு போவது. எங்கள் 24 வோல்ட் வண்டியில் நான்கு படியும் சேர்ந்து 80 அம்பியர் வரை இழுப்பதைப் பிறகு கிளாம்ப் மீற்றர் போட்டு அளந்தோம். விளக்கு மெல்லிய சுற்றில் இருந்தது. அதனால் தடித்த சுற்று அறுந்தாலும் விளக்கு எரியும். கராஜில் பிழை விட்டார்கள், உண்மை. ஆனால் சமதரையில் ஒரு தடவை கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது என் பிழை. இருபத்திரண்டு வருட அனுபவம் என்ற மிதப்பு அது.

மருமகன் அந்தச் சுற்றை முழுவதுமாகச் சரிபார்த்துத் தந்தான். அவன் சொன்னவற்றை, இப்படியான வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

விளக்கு, சுருளுக்கு மின்சாரம் போகும் பக்கத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் அது உண்மை பேசும். வண்டிச் சட்டகத்தோடு சேரும் எர்த் இணைப்பு துருவில்லாமல் சுரண்டிப் பூட்டப்பட வேண்டும். 80 அம்பியர் போகிற இடத்தில் சிறு துரு இருந்தாலும் அங்கே சூடேறும், பிடியும் குறையும். அக்சிலேற்றரை மிதித்தால் ரிட்டார்டர் விட வேண்டும். வண்டி நின்றால் மின்சாரம் தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றறி இறங்கிவிடும், சுருளும் சூடாகும்.

ஏபிஎஸ் இணைப்பு எல்லாவற்றிலும் முக்கியமானது. ரிட்டார்டர் எஞ்சின் இழுக்கும் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும், எங்கள் வண்டியில் பின்சில்லுகள். மழையிலும் பனியிலும் அவை வழுக்கத் தொடங்கினால் வண்டியின் வால் திரும்பிவிடும். ஏபிஎஸ் அதை உணர்ந்து ரிட்டார்டரை உடனே துண்டிக்க வேண்டும். வயர்களைக் குறைக்கிறேன் என்று அந்த ஒரு வயரை வெட்டி விடாதீர்கள். அப்படியிருந்தும் பனி வீதியில் நான் கைப்பிடியைத் தொடுவதே இல்லை.

பலமாகப் பிடிக்கும்போது பின்னாலுள்ள பிறேக் விளக்கும் எரிய வேண்டும். நாங்கள் பெடலைத் தொடவில்லை என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

வீட்டு வாகனமாக மாற்றுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது சூடு. பஸ்ஸாக இருந்தபோது அந்தத் தட்டுகளுக்கு மேலே தகரமும் காற்றும் இருந்தன. நாங்கள் அங்கே பலகையும் குளிர்காக்கும் நுரையும் ஒட்டுகிறோம், காஸ் குழாயும் தண்ணீர்த் தாங்கியும் கீழே கட்டுகிறோம். சூட்டுத் தடுப்புத் தகட்டைக் கழற்றக்கூடாது. காஸ் குழாய், பிறேக் குழாய், வயர் எதுவும் அதற்குப் பக்கத்தால் போகக்கூடாது. நீண்ட இறக்கம் முடிந்த உடனே காய்ந்த புல்லின்மேல் நிறுத்தக்கூடாது. கொஞ்சத் தூரம் சமதரையில் ஓடவிட்டால் காற்றில் ஆறும்.

இவற்றைச் சொல்வதால் நீங்களே வயர் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிறேக்கில் கைவைப்பது தொழில் படித்தவரின் வேலை. மாற்றம் செய்தால் தூவில் காட்டிப் பத்திரத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் அனுமதியே செல்லாமல் போகலாம். பிறகு காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ஆனால் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருங்கள். அது வண்டி வைத்திருப்பவரின் கடமை.

வண்டியே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் எங்கள் நாட்டில், எல்ல–வெல்லவாய மலை வீதியில் சுற்றுலா போன பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த செய்தியைக் கேட்டிருப்பீர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மலைநாட்டுக்கு வான் பிடிக்கிறோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். சாரதி இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாகப் போனால், “என்ன தம்பி, மாட்டு வண்டியோ?” என்று பகிடி பண்ணாதீர்கள். அவர் உங்கள் உயிரைப் பார்த்துக்கொண்டு போகிறார். கருகும் மணம் வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எனக்கு அதை முதலில் சொன்னது நான்கு வயதுப் பிள்ளை.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர், எங்கள் ஊர்ச் சமதரையில் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு படியாக இழுத்துப் பார்க்கிறேன். உடம்பு முன்னுக்குச் சாய்ந்தால்தான் நம்புவேன். விளக்கை நம்புவதில்லை. இரண்டு வருடத்துக்கொருமுறை பிறேக் எண்ணெய் மாற்றுகிறேன். சரிவு தொடங்கும் முன்னர், வீத எண் எழுதிய அந்த முக்கோணப் பலகையைக் கண்டதுமே கியரைக் குறைத்து விடுகிறேன். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. நான் கைப்பிடியை இழுக்கும்போது பின்னாலிருந்து, “அம்மப்பா, பிடிக்குதா?” என்று கேட்பாள். பிடிக்குது என்று நான் சொன்ன பிறகுதான் அவள் தன் புத்தகத்தைத் திறப்பாள்.